குட்டைத் தாடியும் என் கழுத்துத் தழும்பும்

மக்களே, இன்னைக்கு தாடி பத்தி ஒரு த்ரெட். "டாக்டருக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்காதீர்கள். என் கழுத்தில் இருக்கும் கறுப்புத் தழும்புகள்தான் இதை எழுத வைக்கின்றன.

2020. கோவிட் வார்டு டியூட்டி. என்95 மாஸ்க்கின் விளிம்பு முகத்தோடு ஒட்டி நிற்கணும். நடுவில் தாடி இருந்தால் காற்று கசியும். அதனால் பல வருஷத் தாடியை எடுத்தேன். தினமும் ஷேவிங். அவசரத்தில் முடி வளரும் திசைக்கு எதிராகவே இழுப்பேன்.

இரண்டே வாரத்தில் கழுத்து முழுக்க சிவப்புக் கொப்புளம். அரிப்பு, எரிச்சல்.

"மெடிக்கல்ல கேட்டு க்ரீம் வாங்கிப் போடாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், கையில் கிடைத்த ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவினேன். இரண்டு நாளில் அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வந்தது. திரும்பத் தடவினேன். இப்படியே இரண்டு மாசம். தோல் மெலிந்து, கூடவே படர்தாமரையும் பரவிவிட்டது.

தோல் டாக்டரான நண்பன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உன் பேஷன்ட் இப்படி வந்தா என்னடா சொல்லுவ?"

பதில் இல்லை.

நடந்தது இதுதான். ஒட்ட வழித்த சுருள் முடி, வளரும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடல் அதை முள் குத்தியது போல எதிர்க்கிறது. அதுதான் கொப்புளம். இதற்கு நல்ல வைத்தியம் ஒட்ட வழிப்பதை நிறுத்துவது. டியூட்டி முடிந்ததும் குட்டைத் தாடிக்கு மாறினேன். கொப்புளம் போச்சு. கறை மட்டும் நின்னுடுச்சு.

இப்போது நான் செய்வது:

👉 ட்ரிம்மரில் 3 மி.மீ. வாரத்துக்கு இரண்டு முறை. வெறும் பிளேடை தோலில் அழுத்துவதில்லை.

👉 குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே கழுத்துக் கோடு. அதற்குக் கீழே மட்டும் வழிப்பேன்.

👉 பிரெஞ்ச் தாடி வைப்பவர்கள் கன்னத்தை வழிக்கும் முன் வெந்நீரில் நனையுங்கள். முடி வளரும் திசையிலேயே இழுங்கள். ஒரே இடத்தில் நாலு தடவை வேண்டாம்.

👉 தாடிக்கு அடியில் இருக்கும் தோலையும் கழுவுங்கள். அங்கேயும் பொடுகு வரும்.

சலூனில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, புது பிளேடு போடுங்க." ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி-க்கு இல்லை.

தாடியில் காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். வட்டமாகச் செதில் விட்டு அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். சீழ் வைத்தாலும் சரி, டாக்டரிடம் காட்டுங்கள். பூண்டு, வெங்காயம் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

போன வாரம் ஒரு தம்பி வந்தார். அடுத்த மாதம் கல்யாணம். கழுத்தெல்லாம் கொப்புளம், பாக்கெட்டில் அதே மாதிரி க்ரீம். திட்டுவேன் என்று பயந்து டியூபை மறைத்தார்.

நான் திட்டவில்லை. என் சட்டைக் காலரை இறக்கிக் காட்டினேன்.

டியூபை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

நீங்களும் வச்சிடுங்க மக்களே.