ஏழு சுற்று, ஒரே வழி

அட்டனில் ரயிலை விட்டு இறங்கித் தலவாக்கலை பஸ்ஸில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. டெவன் நீர்வீழ்ச்சி பனிமூட்டத்தில் தெரியவேயில்லை. 1977 கலவரத்தின்பின் எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. 2009 இல் காணாமற்போன என் மகனுக்குப் பதினேழு வயது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சின்னம்மா பலமுறை கூப்பிட்டும், 2023 கார்த்திகையில்தான் போனேன்.

லயத்துக்கு மேலே, பழைய பிள்ளைமடுவம் இருந்த வெளியில் மாதர் சங்கப் பெண்கள் சீமெந்தில் ஒரு சுற்றுப்பாதை போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நடந்து மனதை ஆற்றத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடையோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இன்னும் நடையா?

நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு மூலைகளிலும், மடிப்பு உட்பக்கம் பார்க்க ஒவ்வொரு 'ட'. ஒவ்வொன்றின் கைகளுக்கிடையிலும் ஒரு புள்ளி. கூட்டல் குறியின் தலையில் தொடங்கி, முனைகளை வரிசையாக வளைத்து இணைத்தால் ஏழு சுற்று வந்துவிடும்.

"இது நம்ம கோட்டைக் கோலம் புள்ள" என்றார் சின்னம்மா.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டில் இப்படியொரு கற்சுற்று சதுரமாக, பக்கத்துக்கு 56 அடியில் இருக்கிறது. சுமார் 2000 ஆண்டுப் பழமையானது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரான்ஸின் சார்த்ர் தேவாலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்த 11 சுற்றுப் பாதை இன்றும் உண்டு. கர்நாடகத்தின் ஹளேபீடு கோயில் சுவரிலோ அபிமன்யு புகுந்த சக்கரவியூகமே இவ்வாறு செதுக்கப்பட்டிருக்கிறது.

அபிமன்யு பெயரைக் கேட்டதும் நான் எழுந்து போய்விட்டேன். உள்ளே போகத் தெரிந்து, வெளியே வரத் தெரியாத பிள்ளையல்லவா.

"வேலைக்குக் கை குறையுது" என்று சின்னம்மா மறுநாள் இழுத்துப் போனார். 24 அடி அகல வட்டம், மூன்று அங்குலக் கனம். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி. இருபது மூட்டை சீமெந்து முடிந்தது. பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றினோம். ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடி வைத்தோம்.

அவசரத்தில் எட்டாம் நாளே பெயிண்ட் அடித்தோம். ஒரு வாரத்தில் தோல் தோலாக உரிந்தது. குளிரில் சீமெந்து உள்ளே காய நாளாகும் என்றார் மேசன். பொலித்தீன் துண்டு ஒன்றைத் தரையில் ஒட்டி இரவு விட்டுப் பார்க்கச் சொன்னார். அடியில் நீர்த்துளி நின்றால் காயவில்லையென்று அர்த்தம். மாசி வெயில் வரை காத்திருந்து, சுற்றுக்கு ஒரு நிறமாக மறுபடி அடித்தோம். நடு வட்டத்துக்கு என்ன நிறம் என்று என்னைக் கேட்டார்கள். நீலம் என்றேன். என் மகனின் சைக்கிள் நீலம்.

பெயிண்ட் காய்ந்ததும் முதலில் என்னை நடக்க விட்டார்கள். நுழைந்ததும் மூன்றாம் சுற்று. பிறகு இரண்டு, ஒன்று என்று பாதை வெளியே தள்ளியது. அடுத்து நாலு. அதிலிருந்து ஏழுக்குப் போனதும் நீலம் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஆறு, ஐந்து என்று மறுபடி விலக்கியது. அங்கே நின்று அழுதேன். சின்னம்மா வெளியிலிருந்து, "நில்லாத, நட" என்றார். ஐந்தாம் சுற்று முடிந்த இடத்தில் நடு வட்டம் இருந்தது.

அங்கே மகனின் பெயரைச் சொன்னேன். பல வருடங்களாக அதிகாரிகளிடம் மட்டுமே சொல்லிவந்த பெயர். பிறகு போன வழியாலேயே திரும்பி வந்தேன். சக்கரவியூகம் போலல்ல இது. முட்டுச்சந்து கிடையாது. உள்ளே போன வழியே வெளியே கொண்டுவந்து விடும்.

மகனைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. தேடுவதையும் நான் விடவில்லை. இப்போது கிளிநொச்சியில் என் முற்றத்து மணலில் கற்களை அடுக்கி, சின்னதாக ஒரு சுற்று வைத்திருக்கிறேன். மாலையில் பக்கத்து வீட்டு அக்காவும் வருகிறார். அவருக்கும் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.

தோழியரே, சீமெந்து இல்லாவிட்டால் என்ன? ஒரு கூட்டல் குறி, நாலு 'ட', நாலு புள்ளி. கோலம் போடத் தெரிந்த நமக்கு இது முடியாதா?