பாலைவழியில் ஒரு விளக்கு

விடுதியில் எமது மேசைக்கு மேலே ஒரு படம் நெடுநாளாகத் தொங்குகின்றது. மரநிழலற்ற வெற்றுநிலம், நடுவே ஒரு பெட்ரோல் நிலையமும் சிற்றுண்டிச் சாலையும், அவற்றின்மீது ‘ராய்’ என்னும் பெயர் தாங்கி உயர்ந்து நிற்கும் பலகை. இஃது அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், மொகாவிப் பாலையிலுள்ள ஆம்பாய் என்னும் சிற்றூர். பாலைத்திணை பயிலும் எமக்கு இப்படத்தின்மீது பெருங்காதல் உண்டாயிற்று.

சிகாகோவினின்று லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கி ஏறத்தாழ 2,400 மைல் செல்லும் 66-ஆம் நெடுஞ்சாலை 1926-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்றது. 1930-களில் வறட்சியாலும் புழுதிப்புயலாலும் நிலமிழந்த உழவர் பல்லாயிரவர், மனைவி மக்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் இவ்வழியே மேற்றிசை சென்றனர். வெயிலுக்கு அஞ்சிப் பாலையை இரவிற் கடந்தோர் பலர். கித்தான் பையில் நீர் நிரப்பி வண்டியின் முன்புறம் தொங்கவிடுவர். கசியும் நீர் காற்றில் ஆவியாக, உள்ளிருப்பது மண்பானைத் தண்ணீர்போற் குளிரும். அந்நீர் வண்டியின் தாகத்தையும் தணிக்கும். அத்தகைய இரவில் தொலைவில் தோன்றும் ஒரு விளக்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

ராய் குரோல் என்பார் 1938-இல் ஆம்பாயில் இந்நிலையத்தைத் தொடங்கினார். அவர்தம் மருமகன் பஸ்டர் பரிஸ் உடனுழைத்து அதனை வளர்த்தார். நிலத்தடி நீர் உப்பாதலின், குடிநீர் புகைவண்டியில் வந்தது. பெரும் பெயர்ப்பலகை 1959-இல் எழுந்தது. 1973-இல் புதிய பெருவழி ஊரை ஒதுக்கிச் சென்றதும் வண்டிகள் வாராவாயின. 1985-இல் 66 என்னும் எண்ணே நெடுஞ்சாலைப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. 2008-இல் ஈண்டு மீண்டும் பெட்ரோல் விற்கத் தொடங்கினர். இவ்வூரின் தனிமையை எண்ணி யாம் பலகால் இரங்கியதுண்டு.

ஒருநாள் எம் தோழர் ஒருவர் படத்தை நோக்கி, “அச்சாலையில் எல்லார்க்கும் கதவு திறந்ததோ?” என்று வினவினார். யாம் விடையறியாது நூலகம் புகுந்தோம். அந்நெடுவழியின் விடுதிகள் பல, கறுப்பினத்தவர்க்கு உணவும் படுக்கையும் மறுத்தன என்று ஆங்கே அறிந்தோம். நியூயார்க்கில் வாழ்ந்த தபாற்காரர் விக்டர் கிரீன் என்பார், அவர்களை ஏற்கும் இடங்களைத் தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். மொகாவியில் விக்டர்வில் அருகே, கறுப்பினத் தம்பதியர் நடத்திய மரே பண்ணைவிடுதி அத்தகையோர்க்குப் புகலாயிருந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம் இவ்வேற்றுமையைத் தடைசெய்தது.

ஊர் வறிதானதற்கு இரங்கிய யாம், விளக்கெரிந்த காலத்தே நிற்கவொண்ணாது கடந்து சென்றோரை நினைத்தோமில்லை. அந்நியரை ஏற்கவேண்டும் என்னும் நற்செய்தியை ஓய்வுநாட் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். ஆயினும் ஒளிரும் பலகையையே விருந்தோம்பல் என்று மயங்கினோம்.

இவ்வளவில் மற்றொன்றும் எம் நெஞ்சைச் சுட்டது. இவ்வாண்டின் தொடக்கத்தில் புதிய மாணவர் ஒருவர் உணவுக்கூடத்தில் தட்டேந்தி நின்றார். எம் பலகையில் இடமிருந்தது; யாம் நகர்ந்தோமில்லை. அவர் சுவரோரம் நின்றே உண்டார். மறுத்துச் சொல்லவில்லை என்று அன்று அமைந்தோம். மறுப்பிற்குச் சொல்லும் வேண்டுமோ?

படத்தை யாம் கழற்றவில்லை. இன்றிரவு உணவுமணி அடிக்குமுன் அம்மாணவரின் அறைக்குச் சென்று, உடன் உண்ண வருமாறு அழைக்கக் கருதியுள்ளோம். அவர் மறுப்பாராயின், அதனைப் பொறுத்தல் எம் கடன்.