சார் நம்பர் குடுங்க

காரின் முன்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைத்து வைக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. புத்தகத்தில் அதன் பெயர் கண்ட்ரோல் ஆர்ம், ஒர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம். ஒரு பக்கம் இரண்டு ரப்பர் புஷ், மறுபக்கம் பால் ஜாயின்ட். சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கலாம், ஆனால் முன்னேயும் பின்னேயும் நகரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்தக் கைதான். ஓடும்போது பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங் கையில் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணத்துக்கு வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறேன். பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு என்னோடு மூன்று ஆசிரியைகள் வருகிறார்கள். ஒருத்திக்கு இது ஏழாவது மாதம். ஊருக்குள் செம்மண் பாதை, வெளியே போனால் உப்பளக் காற்று. மழையில் ஆர்மின் மடிப்புக்குள் சேறு ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயுமுன் உப்பு சேர்ந்து துரு பிடிக்கும். பாத்தியில் நின்று வேலை செய்யும் பெண்களின் பாதங்களைப் பார்த்தவர்களுக்கு உப்பு என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தடையில் கடக் கடக் என்று சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது.

உதிரிபாகக் கடைக்காரர் முதலில் கேட்டது வண்டியின் மாடலை அல்ல. "சார் நம்பர் குடுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். ஆர்.சி., இன்சூரன்ஸ், இன்னும் முடியாத கடன் எல்லாம் என் பெயரில். "எங்கிட்டயே பேசுங்கண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு ஆர்மை எடுத்து வைத்தார். "எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

ஒன்று அல்ல. இடது வேறு, வலது வேறு. ஒரே பெயரில் ஓடும் காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும். அதனால்தான் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கழற்றிய பழையதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புஷ் துளையிலிருந்து பால் ஜாயின்ட் நடுவரை அளந்தேன், சரியாக இருந்தது. பின்னின் தடிமன்தான் சரியில்லை, புதியது மெலிசு. அந்தப் பின் கூம்பு வடிவத்தில் இருக்கும். அச்சாகப் பொருந்தாவிட்டால் நட்டு முறுகினாலும் உள்ளே ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும், துளையையும் தின்றுவிடும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வேறு பெட்டியோடு வந்தார்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். கதவோ கண்ணாடியோ என்றால் போகலாம். விபத்தில் இரண்டு மில்லிமீட்டர் வளைந்த ஆர்ம் கண்ணுக்குத் தெரியாது. அதை நம்பி ஏழு மாதக்காரியை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடையில் ஏமாறும் ஆண்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒன்றுமே தெரியாத ஆணிடமும், தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டுதான் பேச்சே தொடங்குகிறது. நாம் ஒவ்வொரு கடையிலும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். 1888இல் பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு கணவர் செய்த காரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னதும் அவர்தான். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்மிடம் சார் நம்பர் கேட்கிறார்கள்.

மாட்டும்போது மெக்கானிக் அண்ணனிடம், "வண்டிய கீழ இறக்கிட்டு புஷ் போல்ட்ட முறுக்குங்க" என்றேன். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், வண்டி கீழே வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "தெரியும்க்கா" என்று சொல்லி, ஏற்கெனவே ஸ்பானர் மாட்டியிருந்த போல்ட்டைத் தளர்த்திவிட்டு வண்டியை இறக்கினார்.

அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு பில்லைக் காட்டினேன். மூன்று பேரும் பங்கு தந்தார்கள். ஏழு மாதக்காரி மட்டும், ஜாக்கியை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். குனிய முடியாததால் போனில் படம் எடுத்துக் காட்டினேன்.