பதம் அறிதல்

தில்லியில் பனிமூட்டம் விலகாத ஒரு தைமாதச் சனிக்கிழமை காலை. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன், பிறந்தது முதல் அன்றுவரை சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கவன்றி வேறெதற்கும் நுழையாதவன், அடுப்பின் முன் வந்து நின்றான்.

அதற்கு ஆறு நாள் முன்னர் அவனுடைய தாய் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அக்கையை அசைக்கலாகாது என்று கூறிவிட்டார். தந்தையோ விடியுமுன் பணிக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்புபவர். முதல் நான்கு நாள் அண்டை வீட்டாரின் அன்பு, ரொட்டியும் பருப்புமாக வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் உணவகத்தில் வாங்கிய உணவு தாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாம் நாள், "நானே சமைக்கிறேன், அம்மா" என்றான் மகன். அம்மா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சமையலறை வாசலில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னார். அதில் அமர்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுப்பை ஏற்றும் முறையைத்தான் முதலில் கற்றுத் தருவார் என்று அவன் எண்ணினான். அவர் கற்றுத் தந்ததோ அணைக்கும் முறை. அடுப்பின் திருகை மூடுவது, பிறகு உருளையின் மேலுள்ள திருகையும் மூடுவது. இதை மூன்று முறை செய்துகாட்டச் சொன்னார். சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றமுடைய ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டியே தங்கும். நாற்றம் வந்தால் மின்விளக்கின் விசையைத் தொடவே கூடாது. போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. சிறு தீப்பொறி போதும். திருகைகளை மூடிவிட்டுக் கதவையும் சன்னலையும் திறந்து வெளியேற வேண்டும். 1906 என்னும் எண்ணை வெளியில் நின்று அழைக்க வேண்டும். வேதியியல் பாடத்தில் இவற்றுள் பாதியை அவன் முன்னரே படித்து மதிப்பெண்ணும் பெற்றிருந்தான். ஆயினும் அந்த எரிவாயு தன் வீட்டிலும் இருக்கிறது என்பது அன்றுதான் அவன் நினைவில் பதிந்தது.

சோறு வடிப்பதற்கு வழி கேட்கத் திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்தான். அம்மா அருகிலேயே இருக்க ஆச்சியை ஏன் அழைத்தான் என்றால், அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதே காரணம். "எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டால், "பார்த்தால் தெரியும்" என்றார். "எவ்வளவு நேரம்?" என்றால், "வாசனை வரும்" என்றார். இருபது ஆண்டு செய்த வேலையை அவருடைய கை அறிந்திருந்தது. அந்தக் கையோ இப்போது கட்டுக்குள் இருந்தது.

ஆச்சியிடம் தெளிவான கணக்கு இருந்தது. "ஐயா, ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர். குக்கரில் நாலு விசில். வேறொன்றும் யோசிக்காதே" என்றார். அவனும் யோசிக்கவில்லை. ஆவி அடங்கும்வரை பொறுத்திருந்து மூடியைத் திறந்தபோது, உள்ளே சோறு இல்லை. வெண்ணிறக் கூழ் இருந்தது.

ஆச்சியின் கணக்கில் பிழையில்லை. அது தாமிரபரணிக் கரையில் உண்ணப்படும் புழுங்கலரிசிக்கு உரிய கணக்கு. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திய பின் குத்தி எடுப்பது புழுங்கலரிசி. ஒருமுறை வெந்து இறுகிய மணி ஆதலால், மறுமுறை வேக அதற்கு மிகுதியான நீரும் நேரமும் வேண்டும். தில்லி வீட்டின் டப்பாவில் இருந்ததோ பாசுமதிப் பச்சரிசி; மெலிந்து நீண்ட மணி. அரைமணி நேரம் ஊறவைத்தால், அரிசியைப்போல் ஒன்றரை மடங்கு நீரே அதற்கு ஏறக்குறையப் போதும். எந்த அரிசி என்று ஆச்சி கேட்கவில்லை. உலகில் வேறு அரிசி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிராது. அரிசியில் வகை உண்டு என்பதை அவனும் அறியான்.

அவன் முகம் வாடியதைக் கண்ட அம்மா, குடும்பம் லே நகரில் இருந்த நாளை நினைவுகூர்ந்தார். தந்தையின் பணி இடமாற்றத்தால் அங்குச் சென்றபோது அவன் கைக்குழந்தை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பது லே. அங்கே காற்றழுத்தம் குறைவு; ஆகவே 100 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டிய நீர் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடும். குக்கரின் வளையம் பழுதாகிப்போன ஒரு நாளில், துவரம்பருப்பைப் பாத்திரத்தில் இட்டு உச்சிவேளைவரை கொதிக்கவைத்தாராம். நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்ததாம். பருப்பு மட்டும் மசியவில்லையாம். "சமையல் மறந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்" என்றார். அம்மா அழுவார் என்பது அவனுக்குப் புதுச்செய்தி. மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்து அழுத்தத்தை உயர்த்தினால் நீர் 120 பாகை அளவுவரை கொதிக்காமல் சூடேறும். அதனால் பருப்பு விரைவில் வேகும். 1679-ஆம் ஆண்டில் தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இம்முறையில் எலும்பையே மென்மையாக்கிக் காட்டினார். அவருடைய கலத்தின் வழித்தோன்றலே இன்று வீடுதோறும் சீறுகிறது.

கூழான சோற்றுக்கு ஆச்சி உடனே வழி சொன்னார்: "குழைந்தால் என்ன? தயிர்சாதம் ஆக்கு." தயிர்சாதத்துக்குச் சோறு குழைந்திருப்பதே நல்லது. அவன் மசித்து, தயிரும் சிறிது பாலும் உப்பும் சேர்த்தான். எஞ்சியது தாளிப்பு. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதை அறிய ஒரே ஒரு கடுகை இட்டுப் பார்க்கச் சொன்னார் அம்மா. அது வெடித்தால் மற்றவற்றை இடலாம். கடுகு வெடித்த பின் உளுத்தம்பருப்பு, அது சிவந்த பின் மிளகாய், இறுதியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும். வரிசை மாறினால் ஒன்று கருகும், மற்றொன்று பச்சையாக நிற்கும். வரிசையை அவன் பிழையின்றிக் கடைப்பிடித்தான். ஆனால் கழுவிய கறிவேப்பிலையைத் துடைக்காமல் இட்டுவிட்டான். காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி பட்டதும் அது சீறித் தெறித்து முன்கையில் இரண்டு இடத்தில் சுட்டது. குழாய்நீரில் கையை நீட்டச் சொல்லிவிட்டு, அம்மா தம் இடது முன்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே அரிசிமணி அளவில் பழைய தழும்புகள் ஐந்தாறு இருந்தன.

இரவில் தந்தை வந்து அதை உண்டார். ஒன்றும் கூறவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்று இத்தகைய காட்சியைக் காட்டுகிறது. புதிதாக மணமுடித்த பெண்ணொருத்தி, தன் மெல்விரலால் கட்டித்தயிரைப் பிசைந்து, விரலை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை மையிட்ட கண்ணில் படிய நின்று, புளிப்புடைய குழம்பு ஒன்றை ஆக்குகிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளின் இல்லறத்தைக் கண்டு திரும்பிய செவிலித்தாய் நற்றாயிடம் இதைக் கூறுகிறாள். கறைபட்ட ஆடையையும் புகைபடிந்த கண்ணையும் பார்த்தால், அவள் கைதேர்ந்தவள் என்று தோன்றவில்லை. சமையலுக்குப் புதியவர் ஒருவரைத் தமிழ்ப் புலவர் இரண்டாயிரம் ஆண்டு அளவுக்கு முன்பே கூர்ந்து பார்த்திருக்கிறார்.

அடுத்த நாள்களில் அவனைத் திணறவைத்தவை பாத்திரங்கள் அல்ல, சொற்கள். சமைத்தல் என்ற ஒரு சொல்லோடு அவன் உள்ளே வந்தான். அங்கோ வினைகள் கூட்டமாக நின்றன. நீரில் இட்டால் வேகவைத்தல்; ஆவியில் வைத்தால் அவித்தல். வெறும் சட்டியில் புரட்டினால் வறுத்தல். சிறிது எண்ணெயில் காயைத் தளரச் செய்தால் வதக்குதல். எண்ணெயில் மூழ்கவிட்டால் பொரித்தல். கீரையைக் கடைய வேண்டும். கிழங்கை மசிக்க வேண்டும். குழம்பைச் சுண்டவிட வேண்டும். கிண்டுதலும் கிளறுதலும் ஒன்றல்ல என்று அம்மா உறுதியாகச் சொன்னார். வேறுபாட்டை விளக்கச் சொன்னபோது இடக்கையால் காற்றில் இருமுறை சுழற்றிக் காட்டினார். இந்தியில் தட்கா என்று அவன் பள்ளியில் சொல்லிவந்ததே வீட்டில் தாளிப்பு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

எல்லாச் சொல்லுக்கும் மேலே ஒரு சொல் இருந்தது: பதம். மாவு பதமாக இருக்க வேண்டும். பாகு கம்பிப்பதத்தில் இறங்க வேண்டும். பொடி கைப்பதமாக விழ வேண்டும். அவனுடைய தமிழ்ப் பயிற்சிநூலில் பதம் என்றால் சொல் என்றே இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியையும் எழுதிப் பழகியிருந்தான். பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லை என்று கண்ட அன்று, அப்பழமொழிக்கு வேறு உரை வேண்டியிருக்கவில்லை.

அலமாரியில் அம்மாவின் திருமணத்தின்போது தரப்பட்ட நூல் ஒன்று இருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் முதல் பாகம் வெளியான 'சமைத்துப் பார்'. அடுப்படிக்குப் புதியவர்களை எண்ணி எழுதப்பட்ட நூல் அது. தலைப்பிலுள்ள 'பார்' துணைவினை; முயன்று பார் என்பதைப் போன்றது. கண்ணால் காண் என்று பொருள்கொண்டாலும் குற்றமில்லை. அந்நூலின் ஓரங்களில் அம்மா, மணமான புதிதில், பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: 'உப்பு கூட', 'தீ குறை', ஓரிடத்தில் 'மறுபடியும் கெட்டது'. பார்த்தால் தெரியும் என்று இன்று சொல்பவருக்கும் ஒருகாலத்தில் பார்த்தும் தெரியாமல் இருந்திருக்கிறது. அவன் அப்பக்கங்களை நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வாரம் ரவை உப்புமா. ரவையை மணம் வரும்வரை வறுத்து எடுத்துவைத்தான். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு நீரைக் கொதிக்கவைத்து, ஒரு கையால் மழைபோல் தூவி, மறுகையால் கிளறினான். கட்டி விழவில்லை. மகிழ்ச்சியில் தீயைத் தணிக்க மறந்து மூடிவைத்தான். திறந்தபோது மேலே வெண்மையாய் உதிர்ந்திருந்தது; அடியில் பிடித்துக் கருஞ்சிவப்பாய்க் காந்தியிருந்தது.

அவன் வருந்தவில்லை. அந்த வீட்டில் காந்தல் அம்மாவின் பங்கு. தந்தைக்கும் மகனுக்கும் பரிமாறிய பின் சட்டியின் அடியைச் சுரண்டி, "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று எடுத்துக்கொள்வது அவருடைய வழக்கம். ஆகவே அவன் கரண்டியால் கவனமாகச் சுரண்டி, உடையாமல் எடுத்து, அம்மாவின் தட்டில் முதலில் அதையே வைத்தான்; பக்கத்தில் சிறிது வெள்ளை உப்புமாவையும் வைத்தான். அவரை முதலில் உண்ணச் சொல்லிவிட்டு எதிரே நின்றான்.

அம்மா இடக்கையில் கரண்டியைப் பிடித்து உண்டார். வெண்ணிற உப்புமா தீர்ந்தது. கரண்டி காந்தலைத் தொட்டு, அதை மெல்லத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நின்றது.

"மேலே இருப்பதில் இன்னும் கொஞ்சம் வைக்கிறாயா?" என்றார் அம்மா.

அவன் வைத்தான். அவர் எழுந்து சென்ற பின் ஓரத்தில் கிடந்த காந்தலை எடுத்து வாயிலிட்டான். அது கசந்தது. மறுநாள் காலை மீண்டும் உப்புமா செய்தான். மூடுமுன் குனிந்து, தீயின் நீலச்சுடர் மிகச் சிறிதாகும்வரை திருகையைத் திருப்பினான்.