நான்கு மணி நேரப் பஸ், இரண்டு நிமிட ஆட்டம்

"நீ பக்கத்துலதானே இருக்க? போய் அவகிட்ட பேசுடா" என்று அக்கா போன் செய்தது ஜனவரியில் ஒரு புதன்கிழமை ராத்திரி. அக்கா இருப்பது சிகாகோவுக்கு வெளியே நேப்பர்வில்லில். நான் ஐயோவா மாநிலத்தின் சீடார் ராபிட்ஸில். அக்கா மகள் படிப்பது என் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில். இரண்டாம் வருஷம், பயாலஜி. கல்லூரியின் பெண்கள் பாஸ்கட்பால் டீமில் இருக்கிறாள். நான் போய்ப் பேச வேண்டிய விஷயம், அந்த டீமை விடச் சொல்வது.

அக்காவின் கணக்கு எளிமையானது. போன செமஸ்டர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 'பி'. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு அடுத்த வருஷம். வாரத்தில் ஆறு நாள் ப்ராக்டிஸ் அல்லது மேட்ச். ஆட்டத்தில் இறங்குவதோ இரண்டு நிமிஷம், சில நாள் அதுவும் கிடையாது. "பெஞ்சுல உட்கார்றதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம் பஸ்ல போகணும்?" எனக்கும் பதில் தெரியவில்லை. தாய்மாமன் முறைக்குத் தூது ஏற்றுக்கொண்டேன்.

அவள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கூப்பிடுவதுபோல் பாப்பா என்றே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

ஐயோவா பெண்கள் பாஸ்கட்பால் என்றதும் எல்லோருக்கும் கெய்ட்லின் க்ளார்க் ஞாபகம் வரும். 2024 பிப்ரவரி 15 அன்று, ஐயோவா சிட்டியில், என்சிஏஏ கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தின் மொத்தப் புள்ளிச் சாதனையை அவர் முறியடித்த ராத்திரி, எங்கள் அபார்ட்மெண்டில் பாஸ்கட்பால் பார்க்காத தமிழ்க் குடும்பங்கள்கூட டிவி முன்னால் உட்கார்ந்திருந்தன. அது முதல் பிரிவு. பாப்பா ஆடுவது மூன்றாம் பிரிவு. இங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடத் தர முடியாது, அதுதான் விதி. டிவி கிடையாது, விமானம் கிடையாது. சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் காலையில் பஸ், ராத்திரி திரும்பவும் பஸ். நல்லா ஆடினாலும் கையில் ஒன்றும் வராது என்று தெரிந்தே ஆடுகிற பெண்கள்.

அந்த வாரம் அவர்கள் போக வேண்டியது ஸ்டார்ம் லேக். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏரிக்கரையில் இருக்கும் பியூனா விஸ்டா பல்கலைக்கழகம். சுமார் 220 மைல். அவர்களுடைய லீகில் நீளமான பயணங்களில் ஒன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடித்து நேரே கல்லூரி ஜிம்முக்குப் போனேன். ப்ராக்டிஸ் முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், அப்படியே பேச்சை எடுக்கலாம் என்று திட்டம். மரப்படிகளில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து பேர் ஒரு பக்கம், அவர்களுக்கு எதிரே மஞ்சள் வலைச்சட்டை மாட்டிய ஐந்து பேர். பாப்பா மஞ்சளில். வழக்கத்துக்கு மாறாக இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் சின்ன வயசிலிருந்தே வலது கைக்காரி. எனக்குப் புரியவில்லை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவளைக் கேட்டேன்.

"நான் ஸ்கௌட் டீம், மாமா. மஞ்சள் சட்டை போட்டவங்க எல்லாரும் இந்த வாரம் பியூனா விஸ்டா. அவங்க எப்படி ஆடுவாங்களோ அப்படியே நாங்க ஆடணும். அவங்களோட பெஸ்ட் ப்ளேயர் லெஃப்டி. அதனால நானும் லெஃப்டி."

அந்தப் பெண்ணின் கடைசி நாலு ஆட்ட வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் கிளம்புவாள், எத்தனை தட்டுத் தட்டி நிற்பாள், நின்றதும் தோளை எந்தப் பக்கம் ஆட்டி ஏமாற்றுவாள், களைத்துப்போனால் என்ன செய்வாள், எல்லாம் ஒரு நோட்டில். திங்கட்கிழமையிலிருந்து இடது கையால் பல் தேய்க்கிறாளாம். "இந்த வாரம் நான் நானே இல்ல மாமா" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் போனை எடுக்கவில்லை. கோச் அம்மா விசில் ஊதுவார். மஞ்சள் அணி எதிரணியின் ஓர் ஆட்டமுறையைக் காட்டும். ஒருத்தி வழியில் சிலைபோல நின்று மறிப்பாள், ஸ்க்ரீன் என்பார்கள். பாப்பா அவளை உரசிக்கொண்டு இடப்பக்கம் பாய்வாள், சட்டென்று நிற்பாள். அவளைக் காக்க வேண்டிய பெண் தடுமாறுவாள். விசில். திரும்பவும் முதலிலிருந்து. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ அந்தப் பெண் தடுமாறவில்லை. பாப்பா நிற்கும் இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கோச் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எங்கள் வேலையில் உண்மையான சர்வரில் ஏற்றுவதற்கு முன் அதேபோல இன்னொன்றைக் கட்டி, அதை உடைத்துப் பார்ப்போம். அந்தப் போலி எவ்வளவு அசலாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் ராத்திரி தூக்கம். இந்த அணிக்கு அந்தப் போலி என் அக்கா மகள்.

ப்ராக்டிஸ் முடிந்ததும் ஃப்ரீ த்ரோ. பிறகு மூட்டை கட்டுதல். வெளியூர் அணி அடர்நிறம், உள்ளூர் அணி வெளிர்நிறம் என்பதால் நீலச் சட்டைகளை எடுத்து எண்ணினார்கள். கணுக்காலுக்குச் சுற்றும் டேப், பந்துப் பை, முதலுதவிப் பெட்டி, குளிருக்குக் கூடுதல் போர்வை. ஐயோவாவில் ஜனவரியில் பஸ் நடுவழியில் நின்றால் விளையாட்டுக் காரியமில்லை. பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் என்பதற்கும் கணக்கு இருந்தது. நர்சிங் படிக்கும் மூன்று பேருக்குத் திங்கட்கிழமை பரீட்சை, அவர்களுக்குப் பின்வரிசை.

வீட்டுக்கு வந்தாள். என் மனைவி வைத்த ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், ஸ்பூனை இடது கையில் பிடித்தபடி. நான் தொண்டையைக் கனைத்தேன். "அம்மா போன் பண்ணினா..."

"நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் பேசலாமா மாமா? லேப் ரிப்போர்ட் இன்னும் பாக்கி."

சரி, நானும் வருகிறேன் என்றேன்.

காலை ஏழரைக்குப் பஸ் கிளம்பியது. நான் காரில் பின்னால். வாட்டர்லூ வரைக்கும் வடக்கே, பிறகு நெடுஞ்சாலை 20இல் மேற்கே. பாஸ்டனில் தொடங்கி ஆரிகன் கடற்கரை வரை போகும் ரோடு இது, நாட்டிலேயே நீளமானது. ஐயோவாவுக்குள் முழுவதும் நான்கு வழியாக ஆனது 2018இல்தான். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளக்காடு, தட்டைகளுக்கு நடுவே பனி, தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். ஃபாரன்ஹீட்டில் 8 டிகிரி. வழியில் ஒரு கேசீஸ் கடையில் பஸ் நின்றது. பெட்ரோல் பங்கில் பீட்சா விற்பது இந்த மாநிலத்தின் பழக்கம். பெண்கள் பலபேர் கையில் புத்தகத்தோடுதான் இறங்கினார்கள்.

ஸ்டார்ம் லேக் 2020 கணக்கெடுப்பில் 11,000 சொச்சம் பேர் உள்ள ஊர். பன்றிக்கறி, வான்கோழி ஆலைகளின் வேலைக்காக உலகத்தின் பல மூலையிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். ஏரி உறைந்து வெள்ளை மைதானமாகக் கிடந்தது. மெயின் ரோட்டில் மெக்ஸிகோ கடையும் லாவோஸ் கடையும் பார்த்தேன். இப்படி ஒரு ஊரை ஐயோவாவின் மூலையில் எதிர்பார்க்கவில்லை. போகிறவர்கள் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிம்மில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, நீல ஸ்வெட்டரில். பாப்பாவின் டீமில் ஆடும் ஒரு பெண்ணின் பாட்டி. "உங்க பொண்ணு எது?" என்றார். அக்கா மகள், பெஞ்சில் கடைசியிலிருந்து இரண்டாவது என்றேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் சொன்னேன்.

"நான் ஹைஸ்கூல்ல நாலு வருஷம் ஆடினேன். ஒரு புள்ளிகூட எடுத்ததில்ல" என்றார் அவர். ஜோக் என்று நினைத்தேன். இல்லை.

அவர் ஆடியது ஆறு பேர் ஆட்டம். ஐயோவாவில் பள்ளிப் பெண்களுக்கு மாநிலப் போட்டி 1920லேயே தொடங்கிவிட்டது. பெண்கள் மைதானம் முழுக்க ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று நினைத்த காலம், அதனால் தனி விதி. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் நின்று கூடையில் போடுவார்கள், மூன்று பேர் மறு பாதியில் நின்று காப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. காக்கிற பெண் பந்தைப் பறித்தால், ஓடிப் போய்ப் போட முடியாது, கோட்டுவரை வந்து அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு நின்று பார்க்க வேண்டும். நாலு வருஷமும் அவர் காக்கிற பக்கம்.

விதி விநோதமாக இருந்தாலும் ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது. 1968 மாநில இறுதி ஆட்டத்தை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணாக டிவியில் பார்த்ததைச் சொன்னார். யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் 64 புள்ளி, எவர்லி பள்ளியின் ஜனெட் ஓல்சன் 76 புள்ளி. கூடுதல் நேரத்தில் 113-107 என்று யூனியன்-விட்டன் ஜெயித்தது. எவர்லி, நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள். யூனியன்-விட்டன், காலையில் நான் வந்த நெடுஞ்சாலைக்குத் தெற்கே. மறுவருஷம் சான் ஃப்ரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் அணி டெனிஸ் லாங்கைத் தேர்ந்தெடுத்துப் பரபரப்பாக்கியது, லீக் அதை ரத்து செய்தது. ஆறு பேர் ஆட்டம் 1993இல் நின்றது. 1972இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டத்துக்குப் பிறகு கல்லூரிகளில் பெண்களுக்கு இடம் திறந்தது, கல்லூரிகளோ ஐந்து பேரை வைத்து முழு மைதானத்தில் ஆடின. பாதி மைதானம் மட்டும் பழகிய பெண்களுக்கு அது இடைஞ்சல்.

"புள்ளி எடுக்கலன்னு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"யார் எடுக்கக் கூடாதோ, அவளை எடுக்க விடலையே" என்றார்.

இரண்டு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. அந்த இடதுகைப் பெண் கோர்ட்டுக்குள் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளை ஆட்டுவது, நிற்பது, நின்றபின் முடியை ஒதுக்குவது எல்லாம் அப்படியே வெள்ளிக்கிழமை பார்த்த பாப்பா. முதல் பாதியில் அவள் எடுத்தது ஐந்தே புள்ளி. இரண்டாம் கால்பகுதியில் ஒரு தடவை இடப்பக்கம் பாய்ந்து சட்டென்று நின்றாள். எங்கள் பெண் ஏற்கெனவே அங்கே இருந்தாள். பந்து கைமாறி மறுமுனையில் கூடைக்குள் விழுந்தது. திரும்பி ஓடி வரும்போது அந்தப் பெண் பெஞ்சைப் பார்த்து விரலை நீட்டினாள். பாஸ் கொடுத்தவளைப் பார்த்துத்தான் வழக்கமாக அப்படி நீட்டுவார்கள். அவள் நீட்டிய இடத்தில் கடைசியிலிருந்து இரண்டாவதாகப் பாப்பா நின்றுகொண்டிருந்தாள், டவலைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு.

பாட்டியம்மா என்னை முழங்கையால் இடித்தார்.

கதை அங்கே முடிந்தால் அழகாக இருக்கும். இரண்டாம் பாதியில் அந்த இடதுகைக்காரி நோட்டில் இல்லாததை எல்லாம் செய்தாள். ஆறு புள்ளியில் தோற்றோம். பாப்பா இறங்கியது மூன்றாம் கால்பகுதியில் ஒன்றே முக்கால் நிமிஷம். ஒரு தடவை பந்தைக் கூடைக்கு எறிந்தாள், போகவில்லை.

பஸ் கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் கிடைத்தது. ஜிம் வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். டீமை விட்டுவிடச் சொல்லி அம்மா அனுப்பினாள்.

"தெரியும் மாமா. உங்களுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டா." கொஞ்ச நேரம் ஷூ லேஸையே பார்த்தாள். "கெமிஸ்ட்ரியில பி வந்தது பாஸ்கட்பாலால இல்ல. எனக்கு அது நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு. பாஸ்கட்பாலை விட்டாலும் கஷ்டமாத்தான் இருக்கும். அதை அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு. பாஸ்கட்பால்னு சொன்னா ஈஸியா இருக்கு, அதான் சும்மா இருந்துட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். ட்யூட்டர் பார்த்து வைத்திருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமைகளில். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

தலையாட்டிவிட்டு, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரத்துக்கு ஒரு புதுப்பக்கம் திறக்க வேண்டும், இந்தத் தடவை வலதுகைக்காரியாம்.

திரும்பும் வழியில், ஃபோர்ட் டாட்ஜ் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தியபோது அக்கா கூப்பிட்டாள்.

"பேசினியா?"

"பேசினேன். நாளைக்கு அவளே உன்கிட்ட பேசுவா. திட்டாம கேளு."

"எவ்வளவு நேரம் ஆடினா?"

"ஒன்றே முக்கால் நிமிஷம்."

"அதுக்கா நாலு மணி நேரம் பஸ்?"

எதிரணிக்காரி மாதிரி ஒரு வாரம் இடது கையால் பல் தேய்த்ததைச் சொன்னேன். மற்றொருத்தி பெஞ்சை நோக்கி விரல் நீட்டியதைச் சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அடுத்த வெளியூர் மேட்ச் எங்கடா?"

"பெல்லா. காற்றாடி எல்லாம் வச்ச டச்சுக்காரங்க ஊர்."

"எங்க வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"நாலரை மணி நேரம் ஆகும்."

மறுபடியும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஸ்நோ இருக்குமா?" என்று கேட்டாள்.