கயிறு பிடிக்கும் கை

டொராண்டோ

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பால்வாடிப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்ற அன்று, அலை ஒதுக்கிய ஒரு சங்குக்காக இரண்டு பேர் மணலில் கட்டிப் புரண்டதையும், விட்டுக்கொடுத்து இருக்க வேண்டும் என்று நீ அவர்களை உட்கார வைத்து உபதேசம் செய்ததையும், உபதேசம் முடிந்த மறுகணமே இருவரும் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றிக்கொண்டதையும் எழுதிவிட்டு, "மாமா, நாலு வயசுப் பிள்ளைக்கு இரக்கத்தையும் சிநேகத்தையும் எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்டிருந்தாய். எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. ஆகையால்தான் இத்தனை நாள் தாமதம்.

இந்த ஊரில் லில்லியன் ஸ்மித் என்ற அம்மையாரின் பெயரைத் தாங்கிய பொது நூலகம் ஒன்று இருக்கிறது. 1912 ஆம் ஆண்டில், குழந்தைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதையே தம் தொழிலாகவும் விரதமாகவும் ஏற்றுக்கொண்டு இங்கே பணி தொடங்கியவர் அவர். அவருடைய சிரத்தையை நேரில் கண்டு வியந்த எட்கர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேய நூலகர், தாமும் தம் மனைவியும் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்த ஏறத்தாழ 2,000 பழைய குழந்தைப் புத்தகங்களை 1949 இல் இந்நகரத்துக்கே கொடுத்துவிட்டார். வாசலில் இறக்கை முளைத்த வெண்கல மிருகங்கள் இரண்டு காவல் இருக்கும் அந்த நூலகக் கட்டடத்துக்குப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி போய் வருவது என் முதுமைக்கு வாய்த்த பாக்கியம்.

சென்ற மாதம் அங்கே கதை வாசித்த பெண்மணி ஒரு படப்புத்தகத்தை விரித்து, எழுத்தே இல்லாத ஒரு பக்கத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, ஒரு வார்த்தையும் பேசாமல் மெல்ல மெல்ல அரைவட்டமாக நகர்த்திக் காட்டினார். பக்கம் முழுவதும் கொண்டாட்டம்: விளக்குகள், பலகாரம், ஆடிப் பாடும் மிருகங்கள். என் பேத்தியோ எழுந்து போய், வலது கோடியில் கதவின் நிழலில் நின்ற ஒரு சின்ன எலியின் மேல் விரலை வைத்து, "இதை யாரும் கூப்பிடலையா?" என்றாள். பெண்மணி அதற்கு விடை கூறாமல் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எலி மிரண்டுவிடுமோ என்று அஞ்சியவனைப்போல், "வா, வா" என்று தாழ்ந்த குரலில் அழைத்தான். அவனுக்கு ஒருவரும் அதைக் கற்பிக்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு விடை அந்த விரல் நுனியில் இருப்பதாக எனக்குத் தோன்றிற்று. இரக்கம் என்ற குணம் பிறர் முகத்தை நின்று பார்ப்பதில் தொடங்குகிறது. நேரில் காணும் முகமோ அசைந்துகொண்டும் கத்திக்கொண்டும் சங்கைப் பிடுங்கிக்கொண்டும் இருக்கிறபடியால், நாலு வயதுப் பிள்ளைக்கு அதைப் பார்ப்பதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. சித்திரத்தில் உள்ள முகம் அசையாமல் காத்திருக்கிறது. வேண்டிய மட்டும் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், நாளைக்கும் அதே பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஔவையின் ஆத்திசூடியை நான் குறைவாகச் சொல்வதாக எண்ணிவிடாதே. சிறுவயதில் வாயில் ஏறிய அந்தச் சின்னஞ்சிறு தொடர்கள் நாற்பது வயதுக்குமேல் எனக்குப் பொருள் விளங்கி, அந்நிய மண்ணில் எத்தனையோ இரவுகளில் துணை நின்றிருக்கின்றன. ஆனால் உன் பிள்ளைகள் இருக்கும் பிராயத்தில் காதைவிடக் கண்ணே பெரிய வாசல் என்பது என் திடமான அபிப்பிராயம். 1658 ஆம் ஆண்டிலேயே கொமேனியஸ் என்ற பேராசான் இதை உணர்ந்து, படத்தின் வழியே உலகத்தைக் காட்டும் பாடநூல் ஒன்றை நியூரம்பர்க் நகரில் வெளியிட்டார்.

நம் கரைக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய உரிமை உண்டு. புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழில் தோய்ந்த அண்டிரிக்கு பாதிரியார் என்ற என்றிக்கே என்றிக்கஸ், 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலை அச்சேற்றியபோது, அச்சுவேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் நம் முத்துக்கரைப் பரதவர்களே. மறு ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்', போர்த்துக்கல் தேசத்துச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காக மார்க்கோஸ் ஜோர்ஜ் வினாவிடையாக எழுதிய நூலின் தமிழாக்கம். சிறு பிள்ளைகளை உத்தேசித்து எழுந்த நூலொன்று, தமிழ் அச்சு பிறந்த மறு ஆண்டே, உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கிய மக்கள் இருந்த கரைக்காக அச்சாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு விம்முகிறது. அப்படிப்பட்ட கரையில் வளரும் பிள்ளை, தன் உப்பளத்தையும் தோணியையும் தன் ஆச்சியின் முகத்தையும் தன் புத்தகத்தில் காணாமல் வளரலாமா?

புத்தகங்கள் இல்லாமல் இல்லை. சென்னைத் தூலிகா வெளியிடும் இருமொழிப் படப்புத்தகங்களும், நேரு பால புஸ்தகாலய வரிசையும், 2023 இல் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை' என்ற முதற்படிக்கு வந்த சிறு நூல்களும் உனக்கு உதவும், வாங்கிக்கொள். அவற்றோடு நீயும் உன் பிள்ளைகளுமாகவே ஒரு புத்தகம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கதையை நான் தருகிறேன். முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நம் கரையில் கடைசியாக நடந்தது 1961 இல். அப்போது நான் சிறுவன். குளியாளி காலைக் கல்லின்மேல் ஊன்றி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்குப் போய்விடுவான். வள்ளத்தின் விளிம்பில் ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்பான். மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறபடியால் மச்சானுக்குக் கை தளராதாம். அவன் வெற்றிலை போடமாட்டான், பக்கத்து வள்ளத்தோடு பேச்சுக் கொடுக்கமாட்டான். கீழிருந்து ஒரு சுண்டு வந்ததோ இல்லையோ, இரண்டு கையாலும் மளமளவென்று இழுப்பான். முத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். கயிறு பிடித்தவனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும். முதற்பக்கத்தில் இருவர் முகமும். அடுத்ததில் கல்லும் கயிறும். பிறகு கை மட்டும், காய்ப்பு ஏறிய உள்ளங்கையோடு. எழுத்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சண்டையிட்ட அந்த இருவரையுமே, ஒருவனைக் குளியாளியாகவும் மற்றவனைக் கயிறு பிடிப்பவனாகவும் நிறுத்தி வரைந்துகொள். மறுநாள் ஆளை மாற்றிவிடு.

இந்தக் கதையை நேற்றிரவு பேத்திக்குச் சொன்னேன். என் மேல்துண்டின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இறங்கிவிட்டாள். மறுமுனை என் கையில். நெடுநேரம் சுண்டவே இல்லை. குனிந்து பார்க்கப் போனேன். "பார்க்கக்கூடாது தாத்தா, மேலே இருக்கிறவருக்குத் தண்ணி மட்டும்தானே தெரியும்!" என்று உள்ளேயிருந்து அதட்டினாள். ஆகவே நாலாம் பக்கத்தில் ஓர் உருவமும் வேண்டாம்; முழுவதும் நீலமாகத் தீட்டச் சொல். அந்தப் பக்கத்தை முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பு. இங்கே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
மாமா