பழுது நீக்கும் கைகள்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை, இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து நிற்கிறது. 1677ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய சிவாஜி, இருந்த மதில்களே போதுமென்று எண்ணாமல் அவற்றை மேலும் வலுப்படுத்தினார். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் அக்கோட்டை இடம்பெற்றது. ஆயினும், கல் இடுக்கில் பறவை இட்ட ஆலம் வித்து முளைத்துவிட்டால், அதனை இளஞ்செடியாக இருக்கும்போதே களைந்தாக வேண்டும். வேர் தடித்தபின் மதிலே பிளக்கும். கருங்கல்லுக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், இரும்பும் இரப்பரும் எண்ணெயும் சேர்ந்து இயங்கும் ஊர்திக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஊர்திகளுள் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு மகிழுந்து தனித்தன்மை உடையது. தாழ்ந்த உடல், குறைந்த எடை, ஆற்றல் மிகுந்த இயந்திரம் ஆகியன அதன் இயல்புகள். விரைவுக்கென வடிவமைக்கப்பட்டதால் சிறு குறையும் அதில் பெரிதாக வெளிப்படும். அது ஓடும்போது தேய்கிறது. ஓடாமல் நின்றாலோ வேறு வகையில் கெடுகிறது. இரப்பர்க் குழாய்கள் இறுகி வெடிக்கின்றன. கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் வற்றிப் பிசின்போல் படிந்து நுண்துளைகளை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை குறைகிறது. வேகத்தில் அடிக்கடி பிரேக்கை மிதிக்கும்போது அவ்வெண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதி வலுவிழந்து உள்ளே அமிழும். பளபளக்கும் வண்ணப்பூச்சைக் கண்டு மகிழ்பவருக்கு இவை எவையும் தெரிவதில்லை.

பழைய மகிழுந்தைத் தாமே பழுது பார்ப்பவருக்கு முதலில் வேண்டுவது பொறுமை. எரிபொருள் வருகிறதா, மின்பொறி எழுகிறதா, காற்று தடையின்றிச் செல்கிறதா என ஒவ்வொன்றாக ஆராய்ந்தால் குறையின் இருப்பிடம் புலப்படும். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனை, மருத்துவர் பார்க்கும் நாக்கைப் போன்றது. அது கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி எனலாம். வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு அல்லது மிகுவெப்பம் என்று ஐயுறலாம். இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக நடக்கிறது. கழற்றிய உறுப்புகளை வரிசையாக அடுக்கிக் குறிப்பெழுதி வைப்பவரே அவற்றை மீண்டும் பூட்ட வல்லவர். சிறு வாஷர் ஒன்று தவறினாலும் எண்ணெய் கசியும். சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக முறுக்குவதற்கும் காரணம் உண்டு. அப்போதுதான் சக்கரம் சமமாகப் பொருந்தும். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் நுழைவது உயிருக்கு ஊறு; உறுதியான தாங்கிகளைக் கட்டாயம் வைத்தல் வேண்டும். தம் திறனுக்கு மேற்பட்ட பணியை வல்லுநரிடம் ஒப்படைப்பதும் அறிவின் பாற்பட்டதே.

இவ்வாறு பிரித்தறியும் ஆர்வத்தால் உயர்ந்தவருள் ஒருவர் ஜி. டி. நாயுடு. 1893ஆம் ஆண்டில் கோவைக்கு அருகிலுள்ள கலங்கலில் பிறந்த அவர் பள்ளிப் படிப்பைத் தொடரவில்லை. ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவரைக் கவர்ந்தது. உணவு விடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் இணைத்தார். அந்த வண்டியே அவருக்குப் பள்ளியாயிற்று. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கியவர், பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார்.

விரைவு மகிழுந்துகளின் உலகிலும் இத்தகைய கைத்திறன் தமிழகத்தில் வேரூன்றியது. 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்தின் பழைய வானூர்தி ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்திவந்தது. வெளிநாட்டு ஊர்திகளை இறக்குமதி செய்வது எளிதாக இல்லாத காலம் அது. ஆகவே பியட், ஹெரால்டு போன்ற அன்றாட மகிழுந்துகளையே ஆர்வலர்கள் பிரித்து, எடையைக் குறைத்து, இயந்திரத்தைச் செம்மைப்படுத்திப் பந்தயத்திற்கு ஏற்றவையாக மாற்றினர். பின்னர் கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 மகிழுந்தின் இயந்திரத்தைக் கொண்டே 'பார்முலா மாருதி' என்னும் பந்தய ஊர்தியை உருவாக்கினார். அவ்வகை ஊர்தியில் பயின்ற நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். பட்டறையில் கறைபட்ட கைகளுக்கும் அப்பெருமையில் பங்குண்டு.

பழைய ஊர்தியைப் பேணுதல் வீண் என்பாரும் உளர். பேணப்படாத ஊர்தி புகை கக்கிச் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் என்பது மறுக்க இயலாத உண்மை. அதனால்தான் பராமரிப்புப் பொறுப்பாகிறது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் பெரிதும் மாறாமல் உள்ள மகிழுந்துகளைப் பழம்பெரும் ஊர்திகளாகத் தனியே பதிவு செய்ய 2021ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் வழி செய்கின்றன. எனினும், அவற்றை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ பயன்படுத்த இயலாது.

இன்றைய கருவிகள் பல, திறக்கவே இயலாதவாறு மூடப்பட்டு வருகின்றன. சிறு பழுதுக்கும் முழுக் கருவியையே எறிந்துவிடும் பழக்கம் பெருகியுள்ளது. இதனை உணர்ந்தே, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால், உரிமை கிடைத்தாலும் திறன் தானே வந்துவிடாது. அது பயிற்சியால் வருவது. விரைவு மகிழுந்து எல்லாருக்கும் வாய்க்காது. மிதிவண்டி பல இல்லங்களில் உண்டு. கழன்ற சங்கிலியை மாட்டவும், ஓட்டையான டியூபை ஒட்டவும், அச்சுக்கு எண்ணெய் இடவும் கற்றுக்கொள்ளும் மாணவர், தாம் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் உடன் கற்கிறார்.